சூரியன் வீட்டில் ஆறு நாள்

முதல் நாள்: கஹுலுயி

விமானம் தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பணிப்பெண் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். ஹவாய் மாநில வேளாண்மைத் துறையின் படிவம். செடி உண்டா, விதை உண்டா, பழம் உண்டா, பிராணி உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து அவர், "நாரத்தங்காய் ஊறுகாய் பழத்தில் சேருமா?" என்று கேட்டார். "அது உப்பில் சேரும், பேசாமல் இருங்கள் அப்பா" என்றான் மகன்.

கலிபோர்னியாவின் சான் ஹொசேயிலிருந்து மவுயி தீவின் கஹுலுயிக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். வழி முழுக்கப் பசிபிக் கடல். கீழே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது, ஒரு திட்டுகூடத் தென்படவில்லை. இந்தத் தூரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மவுயி தீவுக்கு வருகிறவர்கள் கடற்கரைக்காக வருகிறார்கள். நான் வந்தது ஒரு செடிக்காக. மற்ற இருவரும் எனக்காக. கோத்தகிரியில் இருபத்தாறு ஆண்டு தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். சூரியகாந்திக் குடும்பம் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் சாமந்தி, கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப் பூண்டு என்று கையில் கிடைத்ததைப் பறித்துவந்து மேசையில் குவிப்பார்கள். என்னிடமிருந்த பழைய புத்தகம் ஒன்றில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் உண்டு. கருமண்ணில் வெள்ளிப் பந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இதுவும் சாமந்திக்குப் பங்காளிதான் என்று காட்டுவேன். பிள்ளைகள் நம்பியதில்லை. எனக்கே பாதி நம்பிக்கைதான்.

ஹவாய் மொழியில் அதன் பெயர் ஆஹினஹினா. அதன் சாம்பல் நிறத்தால் வந்த பெயர். ஆங்கிலத்தில் சில்வர்ஸ்வோர்டு. நான் வெள்ளிவாள் என்று எழுதிவிடுகிறேன். ஹலேயாகலா மலையின் உச்சிப் பகுதியில் இருக்கும் வகை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இருபது முதல் தொண்ணூறு ஆண்டு வரை பூக்காமலே இருக்கும். பிறகு ஒரே ஒரு முறை பூக்கும். அதோடு செத்துவிடும். குலை தள்ளிய வாழைக்காவது பக்கத்தில் கன்று நிற்கும். இதற்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை, விதையை நம்பித்தான் வம்சம்.

இரவுச் சாப்பாட்டில் 'போய்' என்று ஒன்று வைத்தார்கள். சேப்பங்கிழங்கை வேகவைத்து, இடித்து, புளிக்கவைத்த கூழ். அவர் பெட்டியைத் திறந்து ஊறுகாயை எடுத்துவிட்டார்.

இரண்டாம் நாள்: உச்சி

இரண்டரை மணிக்கு எழுப்பிவிட்டான். மலைமேல் சூரிய உதயம் பார்க்க முன்பதிவு வேண்டும். 2017 முதல் இந்த ஏற்பாடு. முன்பதிவுக்கு ஒரு டாலர், காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர். அந்தச் சீட்டு மூன்று நாளுக்குச் செல்லும். கடல்மட்டத்திலிருந்து 3,055 மீட்டர் உச்சிக்கு 60 கிலோமீட்டர் சாலை, இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுகிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இங்கே கிடைக்கவில்லை. காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்ததுமே மூச்சு வாங்கியது.

ஹலேயாகலா என்றால் சூரியன் வீடு. மவுயி என்ற வீரன் இந்த உச்சியில் ஒளிந்திருந்து, கயிறு வீசிச் சூரியனைக் கட்டிப் பிடித்தானாம். காரணம் அவன் அம்மா ஹினா. மரப்பட்டையை அடித்துச் செய்த துணியை அவள் உலர்த்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. மெதுவாகப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சூரியனை அவிழ்த்துவிட்டான். ஐப்பசியில் வடகம் பிழிந்துவிட்டு வானத்தைப் பார்க்கிற எந்த வீட்டுக்கும் இந்தக் கதை புரியும். என் மகனிடம் சொன்னேன். "கயிறு வாங்கித் தருகிறேன் அம்மா" என்றான்.

உதயத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. வனக் காவலர் ஒருவர் ஹவாய் மொழியில் துதி பாடினார். கூட்டத்தில் பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்கள். ஏழு மணிக்குள் வண்டிகள் கலைந்துவிட்டன.

பிறகுதான் என் நேரம். உச்சியில் கார் நிறுத்துமிடத்து ஓரத்தில், தாழ்வான கல்வரிசைக்கு உள்ளே, இருந்தது. சாலையோரத்தில் இப்படிச் சாதாரணமாகக் காத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மண்டியிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். பழைய ஆசிரியைப் புத்தி. கை முன்னால் இருந்தால் தொட்டுவிடும்.

பெரிய தேங்காயளவு உருண்டை. தண்டு வெளியே தெரியவில்லை. கட்டாரி போன்ற இலைகள் நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் நீட்டி நிற்கின்றன. நிறம் இலையின் நிறமே அல்ல. ஒவ்வோர் இலையிலும் நெருக்கமாகப் படிந்த மயிர். பட்டு நூலை ஈரக்கையால் ஒரே திசையில் நீவி வைத்ததைப் போல. அதில்தான் வெயில் பட்டு மினுங்குகிறது. இரவு உறைபனி, பகலில் சுடுவெயில், இடைவிடாத காற்று, தண்ணீர் நிற்காத எரிமலைச் சரளை என்று நாலு பக்கமும் நெருக்கடி. மயிர் அதிகப்படி வெயிலைத் திருப்பிவிடுகிறது. இலைக்குள்ளே கொழகொழவென்று ஒரு கூழ், கற்றாழை மாதிரி, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இலைகள் உட்பக்கமாக வளைந்து குழியாடி போல நின்று, வெயிலை நடுக் குருத்தின் மேல் குவித்து அதைச் சூடாக வைத்துக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதே உச்சியில் சற்றுத் தள்ளி நான்கு மீட்டர் ஆடியோடு உலகின் மிகப் பெரிய சூரியத் தொலைநோக்கி நிற்கிறது. செடி முந்திக்கொண்டுவிட்டது.

பூ? அங்கே இல்லை. இறங்கும் வழியில் கலஹாகு என்ற காட்சிமுனையில் நிறுத்தினோம். இறங்குகிறவர்கள் மட்டுமே அங்கே திரும்ப முடியும். அங்கேயும் வேலிக்கு அப்பால் வெள்ளி உருண்டைகள்தான். ஒன்று மட்டும் இடுப்புயரத்துக்குக் கருத்த குச்சியாக நின்றது. போன ஆண்டோ அதற்கு முந்திய ஆண்டோ பூத்துச் செத்தது. அடியில் இலைகள் சுருண்டு சாம்பலாகிக் கிடந்தன.

அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர், வயதில் எனக்கு அக்கா, பழைய கதை சொன்னார். நூறாண்டுக்கு முன்பு இந்தச் சரிவுகள் வெள்ளையாகத் தெரியுமாம். ஆடும் மாடும் தின்றது பாதி. மீதியை மனிதர்கள் பிடுங்கினார்கள். உச்சிக்குப் போனேன் என்பதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு செடியை வேரோடு எடுத்துப் போவது வழக்கம். சிலர் பிடுங்கிய செடியைச் சரிவில் பந்தாக உருட்டிவிட்டு விளையாடியிருக்கிறார்கள். 1920களில் எஞ்சியது சில ஆயிரம் செடிகள். "வெறுத்து யாரும் பிடுங்கவில்லை. எல்லாருக்கும் பிடித்திருந்தது" என்றார்.

மூன்றாம் நாள்: சரியும் மணல்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தேங்காயளவு என்றேன். மகன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உரித்த தேங்காய் அல்ல, உரிக்காதது. நேற்றையதைப் படித்த இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இன்று பள்ளத்துக்குள் இறங்கினோம். எல்லாரும் எரிமலை வாய் என்றே சொல்கிறார்கள். உண்மையில் இரண்டு பள்ளத்தாக்குகள் மழையால் அரிபட்டு ஒன்றோடொன்று கலந்து, பிறகு உள்ளே சிறு எரிமலைகள் வெடித்துச் சரளைக் குன்றுகளை எழுப்பிய இடம். நீளம் 11 கிலோமீட்டர், அகலம் 3, ஆழம் ஏறத்தாழ 800 மீட்டர். சிவப்பு, கருப்பு, மஞ்சள்பழுப்பு. பச்சையே இல்லை. மிளகாய்த்தூள், காப்பித்தூள், மல்லித்தூள் என்று அரைவை மில்லில் கொட்டி வைத்ததைப் போல இருக்கிறது என்றார் அவர். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

பாதைக்குச் சரியும் மணல் என்றே பெயர். நாலு கிலோமீட்டர் இறங்கினால் ஒரு சரளைக் குன்று வரும், அங்கிருந்து செடிகள் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். இறங்குவதற்கு எடுத்த நேரத்தைப் போல் இரு மடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் அவருடைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. ஊரில் புதிதாக வாங்கியது. பையில் இருந்த ரப்பர் பேண்டை எல்லாம் மாட்டினான் மகன். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இந்தத் தூள்களைக் காவல் காக்கிறேன்" என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

வழியோரம் முழங்கால் உயரப் புதர் ஒன்று. தடித்த சிற்றிலைகள், மங்கிய மஞ்சள் பூக்கள். குபாவோவா என்று பெயர். வெள்ளிவாளோடு இதற்குச் சிறிதும் முகஜாடை கிடையாது. ஆனால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் கலப்பினம்கூட இந்த மலையில் முளைக்கிறது. ஹவாய்த் தீவுகளில் இந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ முப்பது இனங்கள்: கொடி, மரம், புதர், மெத்தை போலத் தரையோடு படிந்தது, வெள்ளிப் பந்து. எல்லாவற்றுக்கும் பாட்டி ஒரே செடி. கலிபோர்னியாவில் இன்றும் சாலையோரத்தில் முளைக்கிற, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிற தார்வீட் என்ற களைக் கூட்டத்தைச் சேர்ந்தது அது. மரபணுவை வைத்து 1990களில் இதை உறுதி செய்தார்கள். ஐம்பது லட்சம் ஆண்டுக்கு முன்பு ஒரு பறவையின் இறகிலோ காலிலோ ஒட்டிக்கொண்டு விதை வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். முதல் நாள் ஐந்து மணி நேரம் பறந்த கடலின் மேல்.

மவுயி தீவுக்கே இருபது லட்சம் ஆண்டுதான் வயது என்பதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். அதாவது வம்சம் மலையைவிட மூத்தது. வடமேற்கே பழைய தீவுகளில் இறங்கி, புதுத் தீவு கடலுக்கு மேல் தலைகாட்டக் காட்ட ஒவ்வொன்றாகக் குடிபெயர்ந்து வந்திருக்கிறது. சான் ஹொசேயில் வீட்டு வாடகை கட்டுகிற என் மகன், "அங்கிருந்து கிளம்பியது புத்திசாலிச் செடி" என்றான்.

குன்றின் அருகே வந்ததும் கண்ணில் பட்டன. கருஞ்சரளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, யாரோ எண்ணி வைத்ததைப் போல. எலுமிச்சை அளவுக் குட்டிகளும் உண்டு. அந்த அளவுக்கே எத்தனை ஆண்டு ஆயிற்றோ. பாதையிலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி ஒன்று பூத்திருந்தது! தூரத்தில் செம்பழுப்புத் தூண். இருநோக்கியில் பார்த்தால் கை நடுங்கித் தூணும் நடுங்கியது.

போகக் கூடாது. வேர் மண்ணுக்கு வெகு அருகே பரந்திருக்கும். சரளையை மிதித்தால் வேர் நசுங்கும், செடிக்கு எதுவும் ஆகாதது போலத் தெரியும், பிறகு சாகும். பாதையை விட்டு இறங்கிப் போன பழைய காலடித் தடம் ஒன்று அந்தத் தூணை நோக்கியே கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் காலும் அந்தத் தடத்தில் ஓர் எட்டு வைத்துவிட்டது. "அம்மா" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

ஏற மூன்றரை மணி நேரம். அவர் கடைசி வரை வெறும் சாக்ஸோடு ஏறினார்.

நான்காம் நாள்: ஓய்வு, அதன் பிறகு ஒரு குற்றம்

முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம். மதியத்துக்கு மேல், நடக்கத் தேவையில்லாத இடம் என்று பாதி மலையில் ஹோஸ்மர் தோப்புக்குப் போனோம். 1910 வாக்கில் ஹவாயின் முதல் வன அதிகாரி ரால்ஃப் ஹோஸ்மர், மரத்தொழில் வளர்ப்பதற்காக உலகம் முழுவதிலிருந்தும் 86 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். இருபதுதான் பிழைத்தன. பிழைத்தவற்றில் சில பைன் மரங்கள் தோப்பை விட்டு வெளியேறி மலை மேல் பரவிக்கொண்டிருக்கின்றன. ஆட்கள் தேடித் தேடி வெட்டுகிறார்கள். யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் செய்ததைப் பார்த்து வளர்ந்தவள். இங்கே வந்தும் அதே கதை.

தோப்பு வாசலில் தூரிகை பொருத்திய ஒரு சட்டம். உள்ளே போகுமுன் ஷூ அடியைத் தேய்த்து, ஒட்டியிருக்கும் விதைகளை உதிர்த்துவிட்டுப் போக வேண்டும். நல்ல ஏற்பாடு என்று மெச்சியபடி தேய்த்தேன். குனிந்தபோதுதான் ஸ்வெட்டர் கையில் பார்த்தேன்.

கருப்பாக, ஊசி போல, முனையில் இரட்டைக் கொம்போடு மூன்று விதைகள். கோத்தகிரியில் வேலியோரம் நடந்தால் புடவைக் கரையில் வரிசையாக ஒட்டிக்கொள்ளுமே, அதே. நானே பிள்ளைகளுக்குக் கொம்பின் பின்முள்ளை லென்ஸில் காட்டியிருக்கிறேன். இதுவும் சூரியகாந்திக் குடும்பம். ஹவாயில் ஏற்கெனவே களையாகப் பரவியிருக்கும் செடிதான். அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. விதை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இதே ஸ்வெட்டரோடுதான் நேற்று பள்ளத்துக்குள் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன்.

மூன்றையும் பிடுங்கிக் காகிதத்தில் மடித்தேன். குப்பையில் போடலாமா? அவர், "அடுப்பில் போடு" என்றார். விடுதி அறை அடுப்பில் போட்டோம். புகை எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க மகன் அதன் கீழே துண்டை வீசிக்கொண்டு நின்றான்.

ஐந்தாம் நாள்: பூ

நானும் மகனும் மட்டும். ஹலேமாவுவு பாதையில், குன்னூர் மலைப்பாதையை ஆள் நடக்கிற அகலத்துக்குச் சுருக்கியது போல, செங்குத்துப் பாறையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அடிவாரத்தில் ஹோலுவா என்ற மரக்குடில். அங்கே நேனே வாத்துகள் இரண்டு புல் மேய்ந்துகொண்டிருந்தன. கால் விரல்களுக்கு இடையே சவ்வு குறைந்து, எரிமலைக் கற்களில் நடக்கத் தோதாகிவிட்ட வாத்து. இந்த மலையில் ஒன்றுகூட இல்லாமல் போய், 1962இல் சாரணச் சிறுவர்கள் முதுகில் சுமந்து கொண்டுவந்து விட்டவற்றின் பேரப்பிள்ளைகள் இவை. எங்களைப் பொருட்படுத்தவில்லை.

அதிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் பாதையிலிருந்து ஒரு சிறு வளையம் பிரிகிறது. வெள்ளிவாள் வளையம் என்றே பெயர். பெயரை நம்பிப் போனவளுக்கு முதலில் கண்ணில் பட்டது பிணங்கள். பூக்காமலே செத்தவை. பூத்துச் செத்ததற்கு நடுவில் குச்சி நிற்கும். இவற்றில் குச்சி இல்லை. நரைத்த இலைகள் தரையில் தளர்ந்து கிடக்கின்றன. ஆடுகளை வேலி கட்டி வெளியேற்றிய பிறகு எண்ணிக்கை ஏறியது உண்மைதான். 1991இல் 6,632 செடிகள் பூத்தன. 1970இல் ஒன்றுகூடப் பூக்கவில்லை. அது அதன் இயல்பு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் 1990களிலிருந்து வேறொரு சரிவு. மேகத்தை மேலே ஏறவிடாமல் மூடி போட்டது போல ஒரு வெப்பக் காற்று அடுக்கு அடிக்கடி நிற்கிறது, மழை குறைகிறது, குட்டிச் செடிகள் காய்ந்துவிடுகின்றன. மலையில் தாழ்ந்த இடங்களில்தான் சாவு அதிகம். இந்த வளையம் தாழ்ந்த இடம். 1992இல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலைப் பார்த்து மழை வருவதில்லை.

வளையத்தின் பின்பக்கத்தில், பாதையிலிருந்து ஒன்றரை மீட்டரில், நின்றது.

என் தோள் உயரம். அடியில் வெள்ளி இலைகள் ஏற்கெனவே நுனி மஞ்சளாகித் தளரத் தொடங்கிவிட்டன. சேமித்ததை எல்லாம் மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. நடுவிலிருந்து எழுந்த தண்டில் கீழிருந்து நுனி வரை பூக்கொத்து, இடைவெளியே இல்லாமல். ஒரு தண்டில் ஐம்பதிலிருந்து அறுநூறு தலை வரை வரும் என்று படித்திருந்தேன். நான் ஒரு பக்கம் மட்டும் எண்ணி நூற்று நாற்பதில் தவறவிட்டேன். ஒவ்வொரு தலையும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் கருஞ்சிவப்பில் குட்டையான இதழ்கள், நடுவில் பொடிப்பொடியாக ஒரு தட்டு. அந்தப் பொடி ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. எண்ணெய் தேய்த்தது போலத் தண்டு பளபளத்தது. பிசின். சின்னஞ்சிறு ஈக்கள் அதில் ஒட்டிச் செத்திருந்தன. கலிபோர்னியாப் பாட்டியின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

தலைகீழாகக் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கருப்புக் குட்டித் தேனீக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே சமயத்தில் பூத்த இன்னொரு செடி வேண்டும், இடையில் தூது போக இந்த உள்ளூர்த் தேனீ வேண்டும். தேனீ மண்ணில் கூடு வைக்கிறது. 1967இல் இந்தப் பூங்காவில் முதன்முதலில் தென்பட்ட அர்ஜென்டினா எறும்பு அந்தக் கூட்டைத் தேடிப்போய்ப் புழுவைத் தின்கிறது. எழுபது ஆண்டு காத்திருந்து பூத்தும், அந்தக் கோடையில் பக்கத்தில் இன்னொன்று பூக்காவிட்டால் அத்தனையும் பதர். சுற்றும் முற்றும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு தூண் இல்லை. மகன் பாறை மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, "மேற்கே ஒன்று இருக்கிறது அம்மா, இருநூறு மீட்டர் இருக்கும்" என்றான். தேனீக்கு அது தூரமா, பக்கமா? உட்கார்ந்தோம். தயிர்சாதம் சாப்பிட்டோம். பள்ளத்தின் வடக்கு வாய் வழியாக மேகம் உள்ளே வந்து தூணை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. மூடியபோதெல்லாம் இலை மயிரில் பொடி நீர்த்துளிகள் கோத்து நின்றன. இந்த முறை என் கால் அசையவில்லை. மகன் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ஆறாம் நாள்: விமான நிலையம்

தீவை விட்டுப் போகும்போதும் சோதனை உண்டு. பெட்டிகள் வேளாண் துறையின் கருவிக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். அவருடைய ஊறுகாய்ப் புட்டியை ஒருவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திரும்ப வைத்தார்.

மலை உச்சி ஜன்னலுக்கு வெளியே மேகத்துக்கு மேல் கொஞ்ச நேரம் தெரிந்தது. குளிரூட்டி அதிகம் என்று ஸ்வெட்டரை எடுத்தேன். போடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, தையல் தையலாகப் பார்த்தேன். இடது கைக்குழியின் உள்மடிப்பில், இரட்டைக் கொம்போடு, நான்காவது இருந்தது.